பிறைக்குள்ளே ஒரு தேசம்

நடுராத்திரி. ஊரே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. விழித்திருப்பவர்கள் இரண்டு வகை ஆட்கள்தான். கோட்டைச் சுவர் மீது நிற்கும் காவல்காரர்கள் ஒரு வகை. விடிந்தால் ஊருக்கு ரொட்டி போட்டாகவேண்டிய பேக்கரிக்காரர்கள் இன்னொரு வகை.

அப்படி ஒரு பேக்கரிக்காரர் நிலவறையில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறார். காலுக்குக் கீழே எங்கேயோ 'ணங்... ணங்...' என்று சத்தம். தரையில் காதை வைத்துக் கேட்கிறார். சந்தேகமே இல்லை, யாரோ பூமிக்கு அடியில் தோண்டுகிறார்கள்! மாவுக்கையோடு ஓடிப்போய்த் தளபதியை எழுப்புகிறார். வீரர்கள் பாய்ந்து வந்து சுரங்கத்தைத் தகர்க்கிறார்கள். துருக்கியர்களின் திட்டம் அம்பேல். ஊர் பிழைக்கிறது.

"என்ன பரிசு வேண்டும், கேள்!" என்கிறார்கள். "எதிரியின் கொடியில் இருக்கிற பிறைநிலா வடிவத்தில் ஒரு பலகாரம் செய்ய அனுமதி கொடுங்கள். தினமும் காலையில் ஜனங்கள் அதைக் கடித்துத் தின்னட்டும்!" என்கிறார் பேக்கரிக்காரர்.

ஹங்கேரியின் 'கிஃப்லி' பிறந்த விதம் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. சம்பவம் நடந்த இடம், புடா நகரம் (பெஸ்ட், ஓபுடா ஆகிய ஊர்களோடு சேர்ந்து 1873-ல் புடாபெஸ்ட் ஆனதே, அதேதான்). வருடம், 1686.

அருமையான கதை. சுரங்கம், சதி, ஒரு சாமானியனின் சாமர்த்தியம், கடைசியில் இனிப்பு! ஆனால், ஒரே ஒரு சிக்கல். 1686-ல் புடா கோட்டைக்கு உள்ளே இருந்தவர்களே துருக்கியர்கள்தான்! வெளியே முற்றுகை போட்டு நின்றது, ஐரோப்பாவின் கிறிஸ்துவ ராஜ்ஜியங்கள் சேர்ந்து அனுப்பிய கூட்டுப்படை. வீட்டுக்குள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆசாமி, எதற்காகத் தன் வீட்டுக்கே கன்னம் வைக்க வேண்டும்?

'சரி, அப்படியானால் நடந்தது வியன்னாவில்!' என்று கதையை அங்கே மாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். வியன்னாவைத் துருக்கியர்கள் முற்றுகையிட்டது நிஜம்தான். 1683, ஜூலை 14-ம் தேதி தொடங்கி செப்டம்பர் 12 வரை. மதிற்சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்ததும் நிஜம். போலந்து மன்னர் மூன்றாம் ஜான் சோபியஸ்கி படையோடு வந்து சேர்ந்ததால்தான் நகரம் தப்பியது. தோற்றுத் திரும்பிய துருக்கியத் தளபதி காரா முஸ்தஃபாவுக்கு, அதே வருடம் டிசம்பர் 25-ம் தேதி, பெல்கிரேடில் சுல்தானின் உத்தரவுப்படி கழுத்தை நெரித்து மரணதண்டனை. எல்லாம் சரி. ஆனால், பலகாரம்?

13-ம் நூற்றாண்டில் வியன்னாவில் யான்ஸ் எனிகெல் என்று ஒருவர் இருந்தார். சரித்திரத்தைச் செய்யுளாக எழுதி வைத்தவர். பேக்கரிக்காரர்கள் லியோபோல்ட் கோமகனுக்குக் கொண்டுவந்து கொடுத்த பண்டங்களில் 'கிப்ஃபென்' என்ற ஒன்றையும் குறிப்பிடுகிறார். ஜெர்மன் 'கிப்ஃபெல்', ஹங்கேரியில் போய் 'கிஃப்லி' ஆனது. ஆக, துருக்கியர் வியன்னாவை முற்றுகையிடுவதற்குச் சுமார் நானூறு வருடங்களுக்கு முன்பே, அந்த ஊர் ஜனங்கள் கிப்ஃபெலைக் கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

புடா கதை பிரபலமானது எப்படித் தெரியுமா? 1938-ல் பிரான்ஸில் வெளியான 'லாரூஸ் காஸ்ட்ரோனோமிக்' என்கிற பிரமாண்டமான சமையல் களஞ்சியத்தின் மூலமாக. அதில் புடா என்று எழுதிய ஆல்ஃபிரட் கோட்ஷாக், பத்து வருடம் கழித்துத் தன்னுடைய இன்னொரு புத்தகத்தில் அதே சம்பவத்தை வியன்னாவில் நடந்ததாக எழுதினார். பேக்கரிக்காரர் அதே ஆள். சுரங்கமும் அதே சுரங்கம். ஊர் மட்டும் வேறு!

பொய் என்று இத்தனை சுலபமாகத் தெரிகிற ஒரு கதை ஏன் சாகாமல் இருக்கிறது? காரணம் எளிமையானது. எதிரியைத் தோற்கடிப்பதில் ஒரு சுகம் என்றால், எதிரியை மென்று முழுங்குவதில் ரெட்டிப்பு சுகம். தின்கிற பண்டத்துக்கும் ஒரு வெற்றிக்கதை வேண்டியிருக்கிறது. ஆனால், கிஃப்லியின் நிஜமான சரித்திரத்தில் வெற்றிகள் ரொம்பக் கம்மி. இழந்த ஊர்கள்தான் அதிகம்.

சொல்கிறேன்.

1526-ல் மொஹாச் என்ற இடத்தில் துருக்கிய சுல்தான் சுலைமானிடம் ஹங்கேரி தோற்றது. ராஜா லாயோஷும் செத்துப்போனார். 1541-ல் புடாவும் போயிற்று. அதுவும் சண்டையே இல்லாமல்! குழந்தை ராஜாவைப் பார்க்க வேண்டும் என்று கோட்டைக்கு வெளியே தன் கூடாரத்துக்கு வரவழைத்தார் சுலைமான். பெரிய மனிதர்கள் எல்லாம் கூடவே போனார்கள். அங்கே விருந்து அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தபோது, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போலத் துருக்கிய சிப்பாய்கள் கோட்டைக்குள் நுழைந்து காரியத்தை முடித்துவிட்டார்கள்.

அந்த விருந்தில் பாலின்ட் தோரோக் என்ற ஹங்கேரியப் பிரபு எழுந்து கிளம்பப் பார்த்தாராம். "இருங்கள், கறுப்பு சூப் இன்னும் பாக்கி இருக்கிறதே" என்று உட்கார வைத்தார்களாம். கறுப்பு சூப் என்றால் காபி. அதைக் குடித்து முடித்ததும் கையில் விலங்கு. இந்தக் காபி விவகாரம் செவிவழிக் கதைதான். ஆனால், தோரோக்கைப் பிடித்து இஸ்தான்புல்லில் சிறை வைத்ததும், அவர் அங்கேயே இறந்ததும் சரித்திரம். 'கறுப்பு சூப் இன்னும் பாக்கி' என்பது ஹங்கேரியில் இன்றைக்கும் பழமொழி. 'கஷ்டம் இனிமேல்தான் இருக்கிறது' என்று அர்த்தம்!

அதற்குப் பிறகு, 1686 வரை 145 வருடங்கள் புடா துருக்கியர் கையில். அந்த நாட்களில் வந்து சேர்ந்த காபியை, துருக்கியர் போன பிறகும் ஹங்கேரியர்கள் விடவில்லை. இன்றைக்குப் புடாபெஸ்டில் யாராவது ஒரு கிஃப்லியை எடுத்துக் கடித்தால், பக்கத்தில் ஒரு கப் காபி இருக்கும். எதிரியைக் கடிப்பதாகச் சொல்லப்படும் பலகாரம், எதிரி கொடுத்த பானத்தோடு சேர்ந்து உள்ளே போகிறது!

வியன்னா கிப்ஃபெலுக்குப் பாரிஸில் ஒரு பணக்காரத் தம்பி உண்டு. குரோசான் (அந்த பிரெஞ்சு வார்த்தைக்கே பிறை என்றுதான் பொருள்). ஆகஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரிய பீரங்கிப்படை அதிகாரி, 1830-களின் கடைசியில் பாரிஸின் ரிஷல்யூ தெருவில் வியன்னா பாணி பேக்கரி திறந்து, பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிப்ஃபெல் ஆசை காட்டினார். 1848-ல் ஊர் திரும்பி, 'டி பிரெஸ்ஸே' என்று ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். அடுப்பில் சம்பாதித்து அச்சில் போட்ட மகானுபாவர்!

ஹங்கேரியர்கள் வேறு வழியில் போனார்கள். பிறைக்குள் பூரணம் வைத்தார்கள். அக்ரூட் பருப்பு (அதாங்க, வால்நட்) ஒரு வகை. கசகசா இன்னொரு வகை. நம் கடைகளில் கிடைக்கிற வெள்ளைக் கசகசா இல்லை, நீலமும் கறுப்பும் கலந்த ரகம். அக்ரூட் வைத்தால் 'தியோஷ்', கசகசா வைத்தால் 'மாகோஷ்'. கிறிஸ்துமஸ் வந்தால் இரண்டு வாசனையும் இல்லாத ஹங்கேரிய வீடு கிடையாது.

இந்த ரகத்தில் பேர்போனது, பொஜோனி கிஃப்லி. பொஜோன் என்கிற ஊரின் கிஃப்லி. மேப்பில் பொஜோனைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஜெர்மன் பேசுபவர்களுக்கு அது பிரஸ்பர்க். இன்றைக்கு உலகத்துக்கு அது பிராட்டிஸ்லாவா, ஸ்லோவாகியாவின் தலைநகரம்.

துருக்கியர் பயத்தால் 1536-ல் ஹங்கேரியின் தலைநகரம் இங்கேதான் இடம் மாறியது. 1563 முதல் 1830 வரை ஹங்கேரிய மன்னர்களுக்கு முடிசூட்டு விழா நடந்ததும் இந்த ஊர் புனித மார்ட்டின் தேவாலயத்தில்தான். மரியா தெரசா 1741-ல் கிரீடம் சூடியதும் இங்கேதான். ஆனால், தெருவில் இறங்கி நடந்தால் மூன்று பாஷை காதில் விழும். 1910-ம் வருடத்து ஜனத்தொகைக் கணக்குப்படி, ஊரில் ஜெர்மன் பேசியவர்கள் சுமார் 42 சதவிகிதம். ஹங்கேரிய மொழி பேசியவர்கள் சுமார் 40. ஸ்லோவாக் மொழி சுமார் 15. யூதர்களும் கணிசமாக இருந்தார்கள். ஐரோப்பா முழுக்கப் புகழ்பெற்ற ஒரு யூத வேத பாடசாலையே அங்கு இருந்தது. பேக்கரியில் காசு கொடுத்து கிஃப்லி வாங்கும்போது எந்த பாஷையில் கேட்டாலும் கிடைத்தது.

முதல் உலகப்போர் முடிந்தது. தோற்ற அணியில் ஹங்கேரி. ஊர் செக்கோஸ்லோவாகியாவிடம் போயிற்று. 1919-ல் பிராட்டிஸ்லாவா என்று பெயர் சூட்டினார்கள். 1920, ஜூன் 4-ம் தேதி கையெழுத்தான டிரியானான் ஒப்பந்தத்தில் ஹங்கேரி இழந்தது, தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஹங்கேரியர்கள், வீட்டை விட்டு ஓர் அடிகூட நகராமலேயே வெளிநாட்டவர் ஆகிப்போனார்கள்.

அடுத்த போரில் இதைவிடக் கொடுமை. 1942-ல் ஸ்லோவாகியாவிலிருந்து சுமார் 58,000 யூதர்களை ரயிலேற்றி நாஜி முகாம்களுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் சொற்பம். 1945-க்குப் பிறகு ஜெர்மானியர்களின் முறை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர்களைத் துரத்தினார்கள். 1947, 48-ல் இரண்டு நாடுகளும் ஆட்களை மாற்றிக்கொண்டபோது, பல்லாயிரம் ஹங்கேரியர்கள் மூட்டை கட்டினார்கள். ஒரே தலைமுறைக்குள், மூன்று பாஷை பேசிய ஊர் ஒரு பாஷை ஊராகிவிட்டது.

இப்போது 2012-க்கு வாருங்கள். அந்த ஊர்ப் பலகாரத்துக்குப் 'பாரம்பரியச் சிறப்பு' என்கிற அந்தஸ்தை ஐரோப்பிய யூனியன் கொடுத்தது. பதிவேட்டில் என்ன பெயர் தெரியுமா? 'பிராட்டிஸ்லாவ்ஸ்கி ரோஜோக் - பிரஸ்பர்கர் கிப்ஃபெல் - பொஜோனி கிஃப்லி'. ஒரே பண்டத்துக்கு ஸ்லோவாக், ஜெர்மன், ஹங்கேரிய மொழிகளில் மூன்று பெயர்கள்! பேசிய மனிதர்களைத் தெருவிலிருந்து துடைத்தெடுத்த ஊரில், அவர்கள் பேசிய வார்த்தைகள் ஒரு பலகாரத்தின் பெயராகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஊரின் பழைய முகம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி வேண்டுமா என்ன?

பெயரை அழிக்கிற வேலை புடாபெஸ்டிலும் நடந்தது. எமில் ஜெர்போ என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் 1884-ல் அங்கே வந்து, நகரத்தின் மையத்தில் இருந்த ஒரு பிரபல இனிப்புக்கடையில் பங்குதாரராகச் சேர்ந்து, அப்புறம் அதைத் தன் பெயராலேயே புகழ்பெற வைத்தார். மாவு ஒரு அடுக்கு, ஆப்ரிகாட் ஜாமும் பொடித்த அக்ரூட்டும் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி வைத்து, மேலே சாக்லேட் ஊற்றிய துண்டுகளுக்கு 'ஜெர்போ' என்றே பெயர். கிஃப்லிக்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகையும் மாறியது, 'வோரோஷ்மார்ட்டி' என்று ஒரு கவிஞரின் பெயருக்கு. ஆனால், வீட்டுக்கு வீடு பெண்கள் அந்த இனிப்பைச் செய்தார்கள். செய்ததை ஜெர்போ என்றுதான் சொன்னார்கள். பலகையிலிருந்து எடுக்க முடிந்த பெயரை, வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. 1984-ல் பழைய பெயர் கடைக்கே திரும்பி வந்தது.

இன்னொரு கூட்டம் கிஃப்லியைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது. 1880-களில் தொடங்கி முதல் உலகப்போர் வரை, ஹங்கேரி ராஜ்ஜியத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் ஏழை விவசாயிகள். கிளீவ்லேண்டின் தொழிற்சாலைகளிலும் பென்சில்வேனியாவின் இரும்பாலைகளிலும் சுரங்கங்களிலும் முதுகொடிய உழைத்தார்கள். சேர்ந்த காசில் சர்ச் கட்டினார்கள். அந்த சர்ச்சுகளின் சமையலறைகளில், கிறிஸ்துமஸுக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே பெண்கள் வரிசையாக நின்று கிஃப்லி சுருட்டினார்கள். விற்ற பணம் சர்ச்சுக்கு. பேரப்பிள்ளைகளுக்கு ஹங்கேரிய மொழி மறந்துபோன பிறகும், 'கிஃப்லி' என்கிற ஒரு வார்த்தை மறக்கவில்லை. பென்சில்வேனியாவில் அதுவே 'கிஃபிள்' என்று கொஞ்சம் திரிந்தது.

1956-ல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் புரட்சியை நசுக்கியபோது, சுமார் இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். அமெரிக்காவுக்கு மட்டும் சுமார் 38,000 பேர். எல்லையைத் தாண்டும்போது கையில் எதை எடுத்துப்போக முடியும்? பாத்திரமா, பண்டமா? கைப்பக்குவத்துக்கு மட்டும்தான் எந்தச் சோதனைச் சாவடியிலும் தடை இல்லை.

ஜார்ஜ் லாங் என்று ஒருவர். 1924-ல் ஹங்கேரியில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா, அம்மா இருவரையும் ஆஷ்விட்ஸ் முகாம் தின்றுவிட்டது. 1946-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தவர், வயலின் வாசிப்பை விட்டு உணவகத் தொழிலுக்கு வந்தார். 1971-ல், தன்னைத் துரத்திய நாட்டின் சமையலைப் பற்றி 'ஹங்கேரியின் சமையல்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதோடு விட்டாரா? 1992-ல் புடாபெஸ்டின் பழம்பெருமை வாய்ந்த 'குன்டல்' உணவகத்தைக் கூட்டாளியோடு சேர்ந்து புதுப்பித்துத் திறந்தார். அக்ரூட் பூரணம் வைத்துச் சுருட்டி, சாக்லேட் ஊற்றிய குன்டல் தோசைக்குப் பேர்போன இடம் அது. பகையைப் பரிமாற அவருக்கு ஆயிரம் நியாயம் இருந்தது. அவர் பரிமாறியது இதை!

இவ்வளவு சொல்லிவிட்டு, செய்முறை சொல்லாமல் விட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

கால் கிலோ மைதா. 175 கிராம் உப்பில்லாத வெண்ணெய், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சில்லிப்போடு. இரண்டையும் விரல் நுனியால் உதிரி உதிரியாகப் பிசறுங்கள். உள்ளங்கை படவேண்டாம், சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு, 100 கிராம் புளித்த க்ரீம் (கிடைக்காவிட்டால் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்த கெட்டித் தயிர்) சேர்த்து உருட்டி, ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். இந்த ஓய்வு முக்கியம். மாவின் இழுவை அடங்கும், வெண்ணெய் இறுகும். அவசரப்பட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டு அடம் பிடிக்கும்.

பூரணத்துக்கு 200 கிராம் அக்ரூட். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக்கொண்டு களியாகிவிடும். ரவை பதம் போதும். வாங்கும்போதே ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். காறல் அடித்தால் வேண்டாம். கூட 100 கிராம் பொடித்த சர்க்கரை, எலுமிச்சைத் தோல் சீவல் கொஞ்சம். ஒரு முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துச் சேர்த்தால், பூரணம் கையில் பிடிக்க வரும்.

மாவை மெல்லியதாகத் தேய்த்து, மூன்று அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒரு மூலையில் ஒரு டீஸ்பூன் பூரணம் வையுங்கள். பேராசை வேண்டாம், அதிகம் வைத்தால் அடுப்பில் வாயைப் பிளக்கும். மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சுருட்டி, நுனி அடியில் இருக்கும்படி வைத்து, இரண்டு பக்கமும் லேசாக வளைத்தால்... பிறை! 180 டிகிரி சூட்டில் 15 முதல் 20 நிமிடம். ஓரம் பொன்னிறமானதும் எடுத்து, சூடு இருக்கும்போதே பொடித்த சர்க்கரையில் புரட்டுங்கள். பனி படர்ந்த மாதிரி இருப்பதால், இதை 'ஹோகிஃப்லி' என்பார்கள். பனிக் கிஃப்லி!

பொஜோனி கிஃப்லிக்கு வேறு மாவு, ஈஸ்ட் போட்டது. சர்க்கரை தூவுவதும் இல்லை. மேலே மஞ்சள் கரு தடவிக் காயவிட்டு, பிறகு வெள்ளைக் கரு தடவி, அதையும் காயவிட்டுச் சுடுவார்கள். சூட்டில் மாவு உப்பும்போது, காய்ந்த முட்டைப்பூச்சில் பளிங்குக்கல் மாதிரி மெல்லிய விரிசல்கள் ஓடும். விரிசல் விழாவிட்டால் அது நல்ல பொஜோனி கிஃப்லியே இல்லை என்பார்கள் தெரிந்தவர்கள்.

அமெரிக்கா போன கிஃப்லியில், பல வீடுகளில் புளித்த க்ரீமுக்குப் பதிலாக க்ரீம் சீஸ் நுழைந்துவிட்டது. அங்கே குடியேறிய கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் 'ருகலா'விலும் அதே க்ரீம் சீஸ் மாவு, அதே அக்ரூட், அதே சுருட்டல். இரண்டையும் கலந்து ஒரே தட்டில் வைத்தால், எது யாருடையது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நீங்கள் செய்கிற கிஃப்லிக்கு நம் ஊர் வெண்ணெய், நம் வீட்டுத் தயிர். அதுவும் கிஃப்லிதான், சந்தேகமே வேண்டாம். யாராவது வந்து, துருக்கியர், சுரங்கம், வெற்றி என்று ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். தட்டை நீட்டுங்கள். ஒரு கடி கடித்து முடிக்கட்டும். அப்புறம் பொஜோன் என்று ஓர் ஊர் இருந்ததைச் சொல்லுங்கள்.